மாமூத் புல்வெளி: டேல் கத்ரியின் பனியுக ஆய்வுகள்

அலாஸ்காவின் நடுப்பகுதியில், ஃபேர்பேங்க்ஸ் நகரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் தங்கம் கிடைப்பது அடியிலுள்ள ஆற்றுச் சரளை அடுக்கில். அதை எட்ட வேண்டுமென்றால், மேலே பல மீட்டர் கனத்துக்கு உறைந்து கிடக்கும் நுண்வண்டலை முதலில் அகற்றியாக வேண்டும். சுரங்கக்காரர்கள் பெரிய குழல்களைக் கொண்டு அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். உறைமண் இளகிச் சேறாக ஓடியது. சேற்றோடு எலும்புகளும் வந்தன. மாமூத்தின் தந்தம், காட்டெருதின் மண்டையோடு, குதிரையின் பல், சிங்கத்தின் தாடை என்று அவை வந்துகொண்டே இருந்தன. 1930களில் ஓட்டோ கைஸ்ட் என்ற சேகரிப்பாளர் அவற்றைப் பெட்டி பெட்டியாக நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார்.

அந்தப் பள்ளத்தாக்குகளில் இன்று இருப்பவை ஸ்புரூஸ் மரக்காடும் பாசி மூடிய ஈரநிலமும். தளிரையும் குச்சியையும் மெல்லும் மூஸ் கடமான் அங்கே பிழைக்கும். பனிக்குக் கீழே லைக்கனைக் கிளறித் தின்னும் கரிபு மானும் பிழைக்கும். புல்லை மட்டுமே நம்பும் குதிரைக் கூட்டத்துக்கு அங்கே வழியில்லை. அப்படியிருக்க, இன்றைவிடக் குளிர் மிகுந்திருந்த பனியுகத்தில் குதிரையும் காட்டெருதும் மாமூத்தும் அதே இடத்தில் எதைத் தின்று வாழ்ந்தன? அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் விலங்கியலாளர் ஆர். டேல் கத்ரி பல பத்தாண்டுகள் செய்த ஆய்வுகள் இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவை.

1968இல் அவர் வெளியிட்ட கட்டுரை எளிய கணக்கு ஒன்றைச் செய்தது. ஃபேர்பேங்க்ஸ் பகுதியின் நான்கு இடங்களில் கிடைத்த பெரிய பாலூட்டிகளின் எலும்புகளை இனவாரியாகப் பிரித்து, எந்த விலங்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தார். காட்டெருதும் குதிரையும் மாமூத்துமே பெரும்பங்கு. மூன்றும் மேய்ச்சல் விலங்குகள். தழை தின்னும் மூஸ் போன்றவை மிகச் சிறுபான்மை. மேய்பவை இப்படி நிறைந்திருந்தால் மேய்ச்சல் நிலமும் இருந்தே ஆக வேண்டும். ஆகவே பனியுக அலாஸ்கா காடுமல்ல, இன்றைய தூந்திரமுமல்ல, புல்வெளி என்பது அவர் முடிவு. அலாஸ்காவில் கிடைத்த சைகா மானின் எலும்புகள் இதற்கு வலுச் சேர்த்தன. இன்று கஜகஸ்தானின் வறண்ட வெளிகளில் வாழும் சைகா, ஆழமான பனியிலும் சதுப்பிலும் நடக்க முடியாத விலங்கு. அது வாழ்ந்த இடத்தில் தரை இறுகியிருந்திருக்க வேண்டும், குளிர்காலப் பனி மெல்லியதாக இருந்திருக்க வேண்டும்.

இந்த நிலப்பரப்புக்கு 1982இல் கத்ரி வைத்த பெயர்தான் மாமூத் புல்வெளி. அது அலாஸ்காவோடு நிற்கவில்லை. மேற்கே ஸ்பெயினில் தொடங்கி ஐரோப்பாவையும் சைபீரியாவையும் கடந்து கனடாவின் யூகான் வரை, ஏறத்தாழ அரை உலகச் சுற்றளவுக்கு அது நீண்டிருந்தது. நடுவில் கடல் குறுக்கிடவில்லை. பனிப்பாளங்களில் நீர் பூட்டப்பட்டதால் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கி, சைபீரியாவுக்கும் அலாஸ்காவுக்கும் இடைப்பட்ட ஆழமற்ற கடற்படுகை தரையாக வெளிப்பட்டிருந்தது. பாலம் என்று சொல்லிப் பழகிவிட்டாலும், வடக்கிலிருந்து தெற்காக அளந்தால் 1,500 கிலோமீட்டருக்கும் மேல் அகலமுள்ள நாடு அது. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் எரிக் ஹுல்ட்டேன் 1937இல் அதற்குப் பெரிஞ்சியா என்று பெயரிட்டார். கனடாவின் மேல் பனி கிலோமீட்டர் கணக்கில் தடித்து நின்ற காலத்திலும் அலாஸ்காவின் உட்பகுதி பனிப்பாளம் இல்லாமலே இருந்தது. பனிப்பாளம் வளரக் குளிர் மட்டும் போதாது, பனிப்பொழிவும் வேண்டும். அந்த நாட்டில் ஈரம் இல்லை.

கத்ரியின் வாதத்தில் வேர்போன்ற பகுதி மண்ணைப் பற்றியது. இன்றைய தூந்திரத்தில் பாசி ஒரு கம்பளம்போல் தரையை மூடிக்கொண்டிருக்கிறது. கோடையில் சூரியன் நாள் முழுவதும் காய்ந்தாலும் வெப்பம் பாசியைத் தாண்டி இறங்குவதில்லை. மேலே ஒரு சாண், இரண்டு சாண் மண் இளகும். அதற்குக் கீழே நிரந்தர உறைமண். இளகிய நீர் கீழே வடிய வழியின்றி மேலேயே தேங்கும். குளிர்ந்த ஈரமண்ணில் நுண்ணுயிர்கள் மெதுவாகவே வேலை செய்வதால், உதிர்ந்த இலை மட்காமல் பீட் கரிமண்ணாகப் படிகிறது, சத்து அதற்குள்ளேயே பூட்டிக்கொள்கிறது. இப்படிச் சத்துப் பஞ்சத்தில் வளரும் செடிக்கு ஓர் இலையை இழந்தால் மறு இலை விடுவது பெரும் செலவு. அதனால் அது பிசினையும் கசப்புப் பொருள்களையும் சேர்த்துத் தன் இலையைக் காத்துக்கொள்கிறது. கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் தூந்திரத்தில் பெரிய விலங்கின் வாய்க்கு ஏற்ற தீனி மிகக் குறைவு.

வறண்ட மண்ணில் கதை தலைகீழ். பாசி பிடிக்காது. கோடை வெப்பம் ஆழமாக இறங்கும். இலைச் சருகு விரைவில் மட்கும்; சாணமும் சிறுநீரும் சத்தை உடனுக்குடன் மண்ணுக்குத் திருப்பும். இதற்கு மேல், பனியாறுகள் அரைத்துத் தள்ளிய நுண்தூசியைக் காற்று வாரிக் கொண்டுவந்து ஆண்டுதோறும் தூவியது. ஃபேர்பேங்க்ஸ் சுரங்கக்காரர்கள் கரைத்துத் தள்ளிய வண்டல் பெரும்பாலும் அந்தத் தூசிதான். புல்லுக்குக் கசப்பு நஞ்சு சேர்க்கும் வழக்கம் இல்லை. தரையோடு ஒட்டிய குருத்திலிருந்து மறுபடி துளிர்ப்பதே அதன் தற்காப்பு. எனவே மேய மேய வளரும் தீனி அங்கே இருந்தது. சராசரிக் குளிர் கூடுதலாக இருந்த காலத்தில் விலங்குகள் கூடுதலாக வாழ்ந்தன என்ற முரண், வெப்பமானியை விட்டு ஈரத்தைக் கவனித்தால் கரைந்துவிடுகிறது.

1979 கோடையில் ஃபேர்பேங்க்ஸுக்கு வடக்கே பேர்ல் கிரீக் என்னும் ஓடையருகே தங்கச் சுரங்கம் நடத்திய ஒரு குடும்பத்தினர், நீர்த்தாரை இளக்கிய மண்ணிலிருந்து ஒரு விலங்கின் கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு பல்கலைக்கழகத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். கத்ரி வந்து பார்த்தபோது அது தோலோடும் தசையோடும் இருந்த ஆண் காட்டெருது, இன்று அழிந்துபோன ஸ்டெப்பி இனம். இளகிய உடல் அழுகத் தொடங்கும் என்பதால் பகுதி பகுதியாக எடுத்து உறையவைத்துக் காக்க வேண்டியிருந்தது. உடல் முழுவதும் நீலப் பொடி பூத்திருந்தது. திசுக்களிலிருந்த பாஸ்பரஸ் மண்ணிலிருந்த இரும்போடு சேர்ந்து விவியனைட் என்ற கனிமமாகி, காற்றுப் பட்டதும் நீலமாக மாறியதன் விளைவு அது. அமெரிக்க நாட்டுப்புறக் கதைகளில் வரும் மரவெட்டி பால் பன்யனின் நீல எருதை நினைத்து அதற்கு ‘புளூ பேப்’ என்று பெயர் வைத்தார்கள். முதலில் செய்த கரிமக் கணிப்பு அது 36,000 ஆண்டுகளுக்கு முன் இறந்தது என்றது. பின்னர் செய்த கணிப்பு அதை 50,000 ஆண்டு அல்லது அதற்கும் அப்பால் தள்ளியது. கதிரியக்கக் கரிமத்தால் அளக்கக்கூடிய எல்லையே ஏறக்குறைய அதுதான்.

கத்ரி அந்த உடலைக் குற்றம் நடந்த இடத்தைத் துப்பறிபவரின் பொறுமையோடு ஆராய்ந்தார். பின்புறத் தோலில் நகக் கீறல்கள். தோலில் பற்கள் இறங்கிய துளைகள்; அவற்றின் இடைவெளி சிங்கத்தின் கோரைப் பற்களோடு பொருந்தியது. பனியுக அலாஸ்காவில் இன்றைய ஆப்பிரிக்கச் சிங்கத்தைவிடப் பெரிய சிங்கங்கள் இருந்தன. தோலடிக் கொழுப்பும் மயிரின் வளர்ச்சியும் மரணம் குளிர்காலத் தொடக்கத்தில் நிகழ்ந்ததைக் காட்டின. பற்களின் தேய்மானமும் கொம்பும் எட்டு, ஒன்பது வயது என்றன. சிங்கங்கள் ஒரு பகுதியைத் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டுப் போயிருந்தன. ஏன் என்பதற்குக் கழுத்துத் தோலில் சிக்கியிருந்த ஒரு பற்சில்லு விடை சொன்னது: சிங்கத்தின் கடைவாய்ப் பல் உடைந்த துண்டு. இறைச்சி கல்லாக உறைந்த பிறகும் ஒரு சிங்கம் அதைக் கடித்துப் பார்த்திருக்கிறது. பெரிய கூட்டமாக வேட்டையாடியிருந்தால் உறைவதற்கு முன்பே எருது முழுவதும் தீர்ந்திருக்கும். ஆகவே ஒன்றிரண்டு சிங்கங்களே இருந்திருக்க வேண்டும் என்று கத்ரி ஊகித்தார். வசந்தத்தில் சரிவிலிருந்து வழிந்த வண்டல் உடலை மூடியது. பிறகு உறைமண் அதை விடவில்லை.

1984இல் பின்லாந்திலிருந்து வந்த, விலங்குகளைப் பாடம் செய்யும் கலைஞர் ஐரிக் கிரான்க்விஸ்ட் தோலைப் பதப்படுத்திக் காட்சிக்கு நிறுத்தும் வேலையை முடித்தார். தொல்லுயிரியலாளர் பியோர்ன் குர்ட்டேனும் அப்போது ஃபேர்பேங்க்ஸில் இருந்தார். கழுத்து இறைச்சியில் சிறு துண்டை வெட்டி, காய்கறிகளோடு குழம்பு வைத்து, கத்ரி நண்பர்களுக்குப் பரிமாறினார். இறைச்சி கடினமாக இருந்ததாகவும் மண்வாசம் வீசியதாகவும், ஆனால் எல்லோரும் சாப்பிட்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். சாப்பிட்டவர் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இந்தச் செய்தியே அவருடைய மற்ற ஆய்வுகள் அனைத்தையும்விட அதிகம் பரவியது. எருது இன்றும் அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் வடபுல அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதைப் பற்றிய ஆய்வு 1990இல் ‘மாமூத் புல்வெளியின் உறைந்த விலங்குகள்’ என்ற பொருள்பட்ட தலைப்பில் நூலானது.

புல்வெளிக் கொள்கையை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. எதிர்ப்பு மகரந்த ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. ஏரிகளின் அடிச்சேற்றில் ஆண்டுக்கு ஆண்டு படியும் மகரந்தத்தை எண்ணி, சுற்றிலும் எவ்வகைச் செடிகள் எவ்வளவு அடர்த்தியாக இருந்தன என்று கணிப்பது அவர்கள் முறை. லெஸ் குவைனரும் ஜேம்ஸ் ரிச்சியும் 1980இல் யூகான் ஏரிச் சேறுகளை ஆராய்ந்து, பனியுக அடுக்குகளில் மகரந்தம் மிகச் சொற்பம் என்று காட்டினார்கள். அப்படியென்றால் அங்கே இருந்தது செழித்த புல்வெளியல்ல, ஆங்காங்கே செடி முளைத்த கல்வெளி. பால் கோலின்வோவும் இதே பக்கம் நின்றார். விலங்குச் சான்றும் செடிச் சான்றும் இப்படி முரண்பட்ட நிலைக்கு ‘உற்பத்திப் புதிர்’ என்று பெயர் வந்தது. எலும்புகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தவை, ஒரே காலத்தில் அவ்வளவு விலங்கு இருந்ததற்குச் சான்றில்லை என்றும் ஐயம் எழுப்பினார்கள். அது நியாயமான ஐயம்.

கத்ரி சொன்ன பதில் மேய்ச்சலைக் கண்ணால் கண்டவரின் பதில். விலங்குகள் ஓயாமல் மேயும் புல் கதிர்விடுவதில்லை. கதிர் விடாத புல் மகரந்தமும் விடாது. பூச்சிகளை நம்பிப் பூக்கும் செடிகளின் மகரந்தமும் காற்றில் ஏரிவரை வருவதில்லை. பல்லையும் அவர் சாட்சிக்கு அழைத்தார். காட்டெருது, குதிரை ஆகியவற்றின் கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் ஆழமான குழிகள் உண்டு. கடைசி நாள்களில் மென்றவற்றின் துணுக்குகள் அக்குழிகளில் இறுகிக்கொள்ளும். உறைமண்ணில் கிடைத்த பற்களின் குழிகளை அவர் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்தது பெரும்பாலும் புல். நூறு மைல் சுற்றளவிலிருந்து காற்று கொண்டுவந்த மகரந்தத்தைவிட, விலங்கின் வாயிலேயே மிஞ்சிய உணவுக்கு மதிப்பு அதிகம் என்பது தெளிவு.

பின்னால் வந்த சான்றுகள் இரண்டு தரப்பையும் திருத்தின. அலாஸ்காவின் சூவர்ட் தீபகற்பத்தில் சுமார் 21,500 ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலை வெடித்து, உயிரோடிருந்த தரையைச் சாம்பலால் அப்படியே மூடிவிட்டது. அந்தச் சாம்பலுக்கு அடியில் கோப்ரீசியா என்ற கோரைவகையும் சிறு பூஞ்செடிகளும் படர்ந்த உலர்ந்த பசுந்தரை அப்படியே கிடைத்தது. பனியுகத்தின் மிகக் கடுமையான காலத்தில் இருந்த தரை அது, கல்வெளி அல்ல. யூகானில் தரையணில்கள் உறைமண்ணுக்குள் கட்டிய கூடுகளில் அவை சேமித்த விதைகளும் கதிர்களும் கிடைத்தன. 2003இல் கிராண்ட் ஸசூலாவும் மற்றவர்களும் யூகானின் புளூஃபிஷ் ஆற்றங்கரையிலிருந்து எடுத்த செடித்துணுக்குகளை வெளியிட்டார்கள். அவற்றில் புல்லோடு ஆர்ட்டிமீசியா ஃபிரிஜிடா என்ற செடியும் இருந்தது. இது மதுரைப் பூக்கடைகளில் விற்கும் மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்த, வறண்ட புல்வெளிகளில் வளரும் வாசச்செடி. 2014இல் எஸ்கே வில்லர்ஸ்லெவ் குழுவினர் ஆர்க்டிக் பகுதியெங்கும் எடுத்த 242 மண் மாதிரிகளில் எஞ்சியிருந்த தாவர டி.என்.ஏ.வைப் படித்தபோது, புல்லைவிடப் பூஞ்செடிகளே மிகுதி என்று தெரிந்தது. பூஞ்செடிகளில் புரதம் அதிகம். அந்த நிலம் கத்ரி எண்ணியதைவிடக் குறைவாகப் புல்லும், எதிர்த்தரப்பு எண்ணியதைவிட மிகக் கூடுதலாகத் தீனியும் கொண்டிருந்தது. மொத்தத்தில் தீர்ப்பு கத்ரி பக்கம் சாய்ந்தது என்றே சொல்ல வேண்டும்.

அந்த வறட்சி எங்கிருந்து வந்தது? 2001இல் எழுதிய நீண்ட கட்டுரையில் கத்ரி வானத்தைக் காரணம் காட்டினார். வட அட்லாண்டிக் உறைந்திருந்ததால் மேற்கிலிருந்து ஈரக்காற்று வரவில்லை. தெற்கே இமயமும் திபெத் மேட்டுநிலமும் மறித்தன. வடக்கே ஆர்க்டிக் கடல் பனி மூடிக் கிடந்தது. கிழக்கே கடல் பின்வாங்கியிருந்தது. நான்கு பக்கமும் அடைபட்ட பெருநிலத்தின் மேல் மேகமற்ற வானம் நிலைத்தது. மேகம் இல்லாததால் குளிர்காலம் கொடிதாக இருந்தது, ஆனால் பனிப்பொழிவு குறைவாக இருந்தது. கோடையில் வெயில் முழுவதும் தரையில் விழுந்தது. வெப்பமானியின் சராசரியைவிட வெயில் விழும் மணிநேரமே புல்லுக்கு முக்கியம்.

ஆனால் உலகைச் சுற்றி ஒரு பெல்ட்போல் நீண்ட இந்தப் புல்வெளி முழுவதும் ஒரே சீராக இல்லை. பெரிஞ்சியாவின் நடுவில், இன்று கடலுக்கடியில் இருக்கும் பகுதியில், ஈரமான ஒரு பட்டை குறுக்கே கிடந்திருக்க வேண்டும் என்றார் கத்ரி. அருகில் பசிபிக் இருந்ததால் அங்கே மேகம் கூடியது. அந்தப் பட்டையை அவர் பெல்ட்டின் கொக்கி என்று அழைத்தார். இதற்கு விலங்குகளையே மீண்டும் ஆதாரமாக்கினார். மாமூத்தும் காட்டெருதும் ஈரப்பட்டையைக் கடந்துவிட்டன. வறண்ட தரையிலேயே பழகிய கம்பளிக் காண்டாமிருகம் சைபீரியாவில் ஏராளமாக இருந்தும் அமெரிக்கப் பக்கம் வந்ததே இல்லை; அமெரிக்காவின் குறுமுகக் கரடி ஆசியாவுக்குப் போகவில்லை. கடலடியிலிருந்து எடுத்த சேற்றில் ஸ்காட் ஈலியஸ் கண்ட வண்டுகளின் ஓடுகளும் மகரந்தமும் அப்பகுதியில் பூர்ச்சுக் குறும்புதர் இருந்ததை ஏற்கெனவே 1996இல் காட்டியிருந்தன.

இந்த ஈரப்பட்டை மனிதர் வரலாற்றோடு நேராகத் தொடர்புடையது. மாமூத் புல்வெளியில் இறைச்சிக்குப் பஞ்சமில்லை, விறகுக்குத்தான் பஞ்சம். மைனஸ் 40 பாகையில் நெருப்பில்லாமல் மனிதர் தங்க முடியாது. எலும்பை எரிக்கலாம், அதிலுள்ள கொழுப்பு நன்றாக எரியும்; ஆனால் அதைப் பற்றவைக்கச் சிறிதாவது கட்டை வேண்டும். ஜான் ஹாஃபெக்கரும் மற்றவர்களும் 1993இல் இந்தக் கணக்கை முன்வைத்தார்கள்: விறகுக்கான புதர்கள் மீண்டும் பரவிய பிறகே அலாஸ்காவில் மனிதர் குடியேற முடிந்தது. கடைசிப் பனியுக உச்சத்தின் போது அமெரிக்க முதற்குடிகளின் முன்னோர் பல ஆயிரம் ஆண்டுகள் தனித்து வாழ்ந்ததாக மரபணுக்கள் காட்டுகின்றன. அவர்கள் தங்கியது புதர் நிறைந்த அந்த நடுப்பட்டையாக இருக்கலாம் என்று 2014இல் ஹாஃபெக்கரும் ஈலியஸும் டென்னிஸ் ஒரூர்க்கும் எழுதினார்கள். நேரடித் தடயம் இருந்தாலும் அது இப்போது பெரிங் கடலுக்கு அடியில்.

வடக்கில் வாழத் தேவையான திறமை அதற்கு வெகு காலம் முன்பே மனிதரிடம் இருந்தது. சைபீரியாவின் யானா ஆற்றங்கரையில், 70 பாகை அகலாங்குக்கும் வடக்கே, சுமார் 32,000 ஆண்டுகளுக்கு முந்தைய குடியிருப்பை விளாதிமிர் பிட்டுல்கோ அகழ்ந்தார். காண்டாமிருகக் கொம்பிலும் மாமூத் தந்தத்திலும் செய்த ஈட்டிப் பாகங்களும் கண்வைத்த எலும்பு ஊசிகளும் அங்கே கிடைத்தன. ஊசி இல்லாவிட்டால் உடலோடு ஒட்டிய மயிர்த்தோல் உடை இல்லை; அந்த உடை இல்லாவிட்டால் ஆர்க்டிக் குளிர்காலம் இல்லை. ஈட்டிமுனைகளைக் கத்ரியும் சோதித்தார். வேட்டைப் பழக்கமுள்ளவர் என்பதால் பழைய முறையில் முனைகள் செய்து, விலங்கின் உடலில் எறிந்து, எது உடைகிறது என்று பார்த்தார். மான்கொம்பு எலும்பைவிட எளிதில் வளைந்து கொடுக்கும், அதனால் தெறிக்காது. பனியுக வேடர்கள் கொம்பை விரும்பியதற்கு அலங்காரமோ வழக்கமோ காரணமல்ல.

அலாஸ்காவில் ஐயமில்லாமல் காலம் கணிக்கப்பட்ட மிகப் பழைய குடியிருப்பு, தானனா ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள ஸ்வான் பாயின்ட். வயது சுமார் 14,000 ஆண்டு. சைபீரியாவின் டியுக்தாய்ப் பண்பாட்டை ஒத்த சிறு கல்லலகுகளும், எலும்பை எரித்த அடுப்புகளும், செதுக்கிய மாமூத் தந்தமும் அங்கே கிடைத்தன. அங்கே கிடைத்த ஒரு தந்தத்தை ஆட்ரி ரோவும் மேத்யூ வூலரும் நீளவாக்கில் பிளந்து, அடுக்கடுக்காக ஸ்ட்ரான்ஷியம் அளந்து 2024இல் வெளியிட்டார்கள். தந்தம் மரம்போல் நாள்தோறும் அடுக்கு வைத்து வளர்வது. உண்ட புல் எந்தப் பாறைநிலத்தில் முளைத்ததோ அதன் அடையாளம் அந்தந்த அடுக்கில் பதியும். அது இருபது வயதுப் பெண் மாமூத். யூகானில் பிறந்து, சுமார் 1,000 கிலோமீட்டர் நகர்ந்து, வேடர்களின் முகாம்கள் நெருங்கியிருந்த பகுதிக்கு வந்து இறந்திருக்கிறது. மாமூத் தடங்களைப் பார்த்தே மனிதர் முகாமிடத்தைத் தேர்ந்திருக்கலாம்.

பனியுக மனிதர் வரைந்த படங்களும் கத்ரிக்குச் சான்றாகின. பிரான்ஸ், ஸ்பெயின் குகைகளில் இருக்கும் காட்டெருதும் குதிரையும் சிங்கமும் அதே மாமூத் புல்வெளியின் மேற்கு முனை விலங்குகள். புளூ பேப்பின் தோலில் கண்ட மயிரமைப்பை ஓவியங்களில் உள்ளவற்றோடு அவர் ஒப்பிட்டார். எலும்பில் பதியாத செய்திகள் ஓவியத்தில் உண்டு: பனியுகச் சிங்கத்துக்குப் பிடரிமயிர் இல்லை, மாபெரும் கொம்புடைய மெகாலோசெரோஸ் மானுக்குத் தோளில் திமில் இருந்தது. விலங்குகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள் அவர்கள் என்பதை ஓர் ஓவியரான கத்ரியால் எளிதில் உணர முடிந்தது. 2005இல் வெளிவந்த பழங்கற்காலக் கலை பற்றிய அவருடைய பருமனான நூல், ஓவியங்களில் பெரும்பகுதி இளைஞர்களின், குறிப்பாக வளரிளம் ஆண்களின் கைவேலை என்று வாதிட்டது. குகைச் சுவரில் நிறத்தை ஊதிப் பதித்த கைகளின் அளவை இன்றைய சிறுவர், பெரியவர் கைகளோடு ஒப்பிட்டு அவர் இந்த முடிவுக்கு வந்தார். அதே வகைக் கைப்பதிவுகளை வேறு அளவுகோலால் அளந்த டீன் ஸ்னோ, 2013இல் அவற்றில் பெரும்பாலானவை பெண்களின் கைகள் என்றார். விலங்கைப் படிக்கும்போது இருந்த உறுதி கத்ரிக்கு மனிதரைப் படிக்கும்போது இல்லை; கைப்பதிவை இட்டவரே அருகிலுள்ள எருதையும் வரைந்தார் என்பதற்கு ஆதாரம் ஏதும் கிடையாது.

மாமூத் புல்வெளி ஏன் மறைந்தது என்ற கேள்வியில் அவர் எதிர்கொண்டது பால் மார்ட்டினின் கொள்கையை. மனிதர் அமெரிக்காவில் நுழைந்ததும் பெரிய விலங்குகளை வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள் என்பது மார்ட்டினின் வாதம். கத்ரி அலாஸ்கா விலங்குகளின் எலும்புகளை வரிசையாகக் காலங்கணிக்கத் தொடங்கினார். 2003இல், குதிரைகளின் முன்னங்கால் எலும்புகள் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சிறுத்துக்கொண்டே வந்து பிறகு நின்றுபோனதைக் காட்டினார். இனத்தின் உடலளவு இப்படிக் குறைவது தீனி கெட்டதன் அறிகுறி. அலாஸ்காவில் மனிதர் தடம் பதிவதற்கு முன்பே அது தொடங்கிவிட்டது. 2006இல் 600க்கும் மேற்பட்ட கரிமக் காலங்களைத் தொகுத்துப் பார்த்தபோது படம் இன்னும் சிக்கலானது. குதிரை மறைந்தது. மாமூத் சற்றுப் பிந்தி மறைந்தது. அதே காலத்தில் காட்டெருதும் வாப்பிட்டி மானும் பெருகின, மூஸ் புதிதாக வந்தது, மனிதரும் வந்தனர். எல்லாவற்றையும் கொன்று தீர்த்திருந்தால் காட்டெருது பெருகியிருக்காது.

வானம் மேகமூட்டமாகி ஈரம் திரும்பியபோது முதலில் புல் செழித்தது, பிறகு பூர்ச்சுப் புதர் வந்தது, கடைசியில் ஸ்புரூஸ் காடு. இந்த வரிசையில் யார் தாக்குப்பிடிக்க முடியும் என்பதை வயிறே தீர்மானித்தது என்பது கத்ரியின் விளக்கம். குதிரையும் மாமூத்தும் பெருங்குடல் பகுதியில் நொதிக்கவைத்துச் செரிப்பவை. மட்டமான தீனியையும் மிகுதியாக உண்டு சமாளிக்கும், ஆனால் நஞ்சு கலந்த இலையைக் கையாளத் தெரியாது. அசைபோடும் காட்டெருது, மான் இனங்களின் முன்வயிற்று நுண்ணுயிர்கள் தாவர நஞ்சில் ஒரு பகுதியை முறித்துவிடும். நீண்ட வளர்பருவம் கொண்ட புல்வெளி சுருங்கியபோது முதல் கூட்டம் வீழ்ந்தது.

இந்தக் காலவரிசைக்கும் திருத்தம் வந்தது. எலும்பு கிடைக்காததால் விலங்கு இல்லை என்று ஆகிவிடாது. கடைசியாக எஞ்சிய சில நூறு விலங்குகளின் எலும்பு கிடைப்பது அரிது. 2009இல் ஜேம்ஸ் ஹெய்ல் குழுவினர் யூகான் ஆற்றோர உறைமண்ணில் குதிரை, மாமூத் டி.என்.ஏ. 10,500 ஆண்டுகளுக்கு முன்வரை இருந்ததாகக் கண்டார்கள். 2021இல் டைலர் மர்ச்சியின் ஆய்வு யூகானில் அதை இன்னும் 5,000 ஆண்டு நீட்டியது. பழைய உறைமண் அரிக்கப்பட்டுப் புதிய அடுக்கில் கலந்தால் பழைய டி.என்.ஏ.யும் கூடவே வரும் என்று சிலர் மறுக்கிறார்கள். வழக்கு முடியவில்லை. ஆயினும் மனிதரும் மாமூத்தும் அலாஸ்காவில் சேர்ந்து வாழ்ந்த காலம் கத்ரி கணித்ததைவிட நீளமானது என்றால், வேட்டையின் பங்கும் அவர் கணித்ததைவிடக் கூடும்.

வேட்டையே இல்லாத ஓர் இடத்தையும் கத்ரி காட்டினார். கடல் உயர்ந்தபோது பெரிங் கடலிலுள்ள செயின்ட் பால் தீவில் மாமூத்துகள் சிக்கிக்கொண்டன. பெருநிலத்து இனம் மறைந்த பிறகும் அவை அங்கே வாழ்ந்ததை 2004இல் அவர் வெளியிட்டார். மனிதர் அந்தத் தீவை அடைந்தது 18ஆம் நூற்றாண்டில்தான். 2016இல் ரஸ்ஸல் கிரஹாம் குழுவினர் அத்தீவின் ஏரிச்சேற்றை ஆராய்ந்து, மாமூத்துகள் சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் மறைந்தன என்று கணித்தார்கள். அப்போது ஏரி வற்றி உப்பேறிக்கொண்டிருந்தது. நாள்தோறும் பெருமளவு நீர் குடிக்கும் விலங்குகள் குடிநீரின்றி மடிந்திருக்கின்றன.

வானம் புல்லை உண்டாக்கியது, புல் விலங்கை உண்டாக்கியது என்ற கத்ரியின் வரிசையைத் தலைகீழாக்கியவர் ரஷ்யச் சூழலியலாளர் செர்கேய் ஸிமோவ். விலங்குகள் பாசியை மிதித்தழித்து, எருவிட்டு, புதரை முறித்ததால்தான் புல் நிலைத்தது. விலங்கு போனதும் பாசி வந்தது என்கிறார் அவர். சைபீரியாவின் செர்ஸ்கிக்கு அருகே 1996 முதல் யாக்கூத்தியக் குதிரை, காட்டெருது, கஸ்தூரி எருது முதலியவற்றை வேலிக்குள் மேயவிட்டு இதைச் சோதித்து வருகிறார். குளிர்காலத்தில் விலங்குகள் பனியைக் கிளறி மிதிப்பதால் தரை கூடுதலாகக் குளிர்கிறது, பல இடங்களில் புல் பரவியிருக்கிறது. ஆனால் அந்த வேலிக்கு மேலே இருப்பது இன்றைய வானம். மேகமற்ற பனியுக வானத்தை அங்கே வரவழைக்க வழியில்லை. ஆகையால் அங்கு புல் நிலைக்காமல் போனால் ஸிமோவின் கருத்து பொய் என்று ஆகாது. இன்றைய மேகத்தின் கீழும் அது பல பத்தாண்டுகள் நிலைத்துவிட்டால், கத்ரி வானத்துக்குக் கொடுத்த இடத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.